டெலி லென்ஸுக்கு ஃபோகஸிங் ஸ்கிரீன்: தேர்வு, பொருத்தல், சோதனை

ஃபிலிம் எஸ்.எல்.ஆர். கேமராவில் 300 அல்லது 400 மி.மீ. லென்ஸை மாட்டியதும் வியூஃபைண்டரின் நடுவட்டத்தில் பாதி கறுத்துப்போகும். உடனே லென்ஸில் பூஞ்சை, பிரிசத்தில் பழுது என்று முடிவுகட்டிவிடுகிறவர்கள் அதிகம். பெரும்பாலும் இரண்டும் இல்லை. கேமராவோடு வந்த ஃபோகஸிங் ஸ்கிரீன் (மிரருக்கு மேலே இருக்கும் தகடு; லென்ஸ் தரும் படம் இதில் விழுந்துதான் வியூஃபைண்டரில் தெரிகிறது) 50 மி.மீ. லென்ஸை மனதில் வைத்துச் செய்தது. மங்கலான டெலி லென்ஸுக்கு அது ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த தடுமாற்றம், குவியத்தூரத்தை மட்டும் பார்த்து ஸ்கிரீன் தேடுவது. 300 மி.மீ. எஃப்/2.8 லென்ஸுக்கும் 300 மி.மீ. எஃப்/5.6 லென்ஸுக்கும் ஒரே ஸ்கிரீன் பொருந்தாது. எதை வாங்குவது என்பதைத் தீர்மானிப்பது அப்பர்ச்சர்தான், அதாவது லென்ஸ் திறப்பின் அளவு; எஃப் எண் கூடக்கூடத் திறப்பு சிறுக்கும். கீழே உள்ள வரிசையும் அதிலிருந்தே தொடங்குகிறது.

கையில் இருக்க வேண்டியவை: நீங்கள் உண்மையில் பயன்படுத்தும் டெலி லென்ஸ்கள், கன்வெர்ட்டர் (குவியத்தூரத்தைக் கூட்ட லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையில் மாட்டுவது) இருந்தால் அதுவும், ஒரு 50 மி.மீ. லென்ஸ், முக்காலி, பூட்டக்கூடிய கேபிள் ரிலீஸ், ரப்பர் ப்ளோவர், முனை மழுங்கிய ட்வீசர், ஃபிலிம் ஓடும் தண்டவாளங்களின் மேல் உட்காரும் அளவில் வெட்டிய மேட் (சொரசொரப்பாக்கிய) கண்ணாடித் துண்டு, 8 அல்லது 10 மடங்கு லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி).

1. கண்ணுக்கு வந்து சேரும் அப்பர்ச்சரைக் கணக்கிடுங்கள்

லென்ஸின் முகப்பில் பொறித்திருக்கும் எண்ணோடு நின்றுவிடாதீர்கள். 1.4 மடங்கு கன்வெர்ட்டர் ஒரு ஸ்டாப் வெளிச்சத்தை, அதாவது பாதியை, எடுத்துக்கொள்ளும். 2 மடங்கு என்றால் இரண்டு ஸ்டாப். 300 மி.மீ. எஃப்/4 லென்ஸின் பின்னால் 2 மடங்கு கன்வெர்ட்டரை மாட்டினால், ஸ்கிரீனைப் பொறுத்தவரை அது 600 மி.மீ. எஃப்/8 லென்ஸ். அப்பர்ச்சர் மாறும் ஜூம் என்றால் நீண்ட முனையின் எண்ணை எடுங்கள். 500 மி.மீ. எஃப்/8 மிரர் லென்ஸில் திறப்பைக் கூட்டவோ குறைக்கவோ வழியே கிடையாது. முன்பக்கத்தின் நடுவில் இருக்கும் சிறிய கண்ணாடியும் கொஞ்சம் வெளிச்சத்தை மறைப்பதால், எஃப்/8 என்ற எண் சொல்வதைவிடச் சற்று மங்கலாகவே தெரியும்.

எஃப்/1.4 லென்ஸோடு ஒப்பிட்டால் எஃப்/8 ஐந்து ஸ்டாப் குறைவு. ஸ்கிரீனுக்கு வந்துசேரும் வெளிச்சம் 32-இல் ஒரு பங்கு. கறுப்பு வட்டத்தை மறந்துவிட்டாலும், இந்த மங்கலில் கண் எதைப் பற்றி ஃபோகஸ் பிடிக்கும் என்ற கேள்வி இருக்கிறது.

எல்லாச் சேர்க்கைகளையும் எழுதி, அடிக்கடி பயன்படும் ஒன்றை அடிக்கோடிடுங்கள். ஸ்கிரீன் அதற்காகத்தான். எப்போதோ ஒருமுறை மாட்டும் கன்வெர்ட்டருக்காக ஸ்கிரீனைத் தேர்ந்தெடுத்தால், மற்ற நேரமெல்லாம் அவதிப்பட வேண்டியிருக்கும்.

2. உங்கள் கேமராவில் ஸ்கிரீன் கழலுமா என்று பாருங்கள்

நிக்கான் எஃப், எஃப்2, எஃப்3 ஆகியவற்றில் ஃபைண்டரைக் கழற்றினால் ஸ்கிரீனை மேல்வழியாக எடுத்துவிடலாம். நிக்கான் எஃப்இ, எஃப்எம்2, எஃப்இ2, ஒலிம்பஸ் ஓஎம்-1, ஓஎம்-2 போன்றவற்றில் லென்ஸ் மாட்டும் வாய்வழியாக ட்வீசரால் எடுக்க வேண்டும்.

பெயர் ஒன்றுபோல இருப்பதை நம்பி வாங்காதீர்கள். 1976-இல் வந்த கேனான் ஏஇ-1-இல் பயன்படுத்துபவர் ஸ்கிரீனை மாற்ற முடியாது. 1981-இல் வந்த ஏஇ-1 புரோகிராமில் முடியும். நிக்கான் எஃப்எம்மில் முடியாது, எஃப்எம்2-வில் முடியும். பென்டாக்ஸ் கே1000-இல் ஸ்கிரீன் நிலையாகப் பதிந்தது. அதே மாதிரி, நிக்கான் எஃப், எஃப்2 ஸ்கிரீன்கள் ஒன்றுக்கொன்று பொருந்தும். ஆனால் எஃப்3-இன் ஸ்கிரீன் வேறு. ‘பி வகை’ என்ற எழுத்து இரண்டிலும் இருக்கிறதே என்று வாங்கினால் சட்டம் உட்காராது.

ஸ்கிரீன் கழலாத கேமரா என்றால் 3, 8, 9 ஆகிய படிகள் மட்டும் போதும். நடுவட்டத்தை விட்டுவிட்டு, அதைச் சுற்றியிருக்கும் மேட் பரப்பில் ஃபோகஸ் பிடிக்கப் பழகுங்கள். அந்தப் பரப்பு எஃப்/5.6-இலும் வேலை செய்யும். கறுத்த வட்டத்தின் மேலேயே கண்ணை ஒட்டவைத்துக்கொண்டிருப்பதால்தான் பலருக்கு அது தெரிவதில்லை.

3. வாங்குவதற்கு முன் உங்கள் கண்ணைச் சரிபாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் ஸ்கிரீன் மேல் ஸ்கிரீனாக வாங்கிக்கொண்டிருப்பார்கள்.

லென்ஸைக் கழற்றிவிட்டுக் கேமராவை வெளிச்சமான வெறும் சுவரையோ வானத்தையோ நோக்கிப் பிடியுங்கள். சூரியன் பக்கம் வேண்டாம். ஸ்கிரீனில் இருக்கும் வட்டத்தின் கோடு, ஸ்ப்ளிட் இமேஜின் (ஃபோகஸ் தவறினால் படத்தை இரண்டாக வெட்டிக் காட்டும் நடுவட்டம்) நடுக்கோடு இவை மயிரிழைபோலக் கூர்மையாகத் தெரிகின்றனவா? முதல் ஒன்றிரண்டு நொடிகளிலேயே தெரிய வேண்டும். உற்றுப் பார்த்தபிறகு தெளிவானால், கண் தானாக வளைந்துகொடுத்துச் சமாளிக்கிறது என்று பொருள். டெலி லென்ஸின் மங்கலில் அந்தச் சமாளிப்பு நடக்காது.

கோடு மங்கலாக இருந்தால் முதல் செலவு ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் இடம்) மாட்டும் டயாப்டர் லென்ஸ், அதாவது பார்வைக் குறையைச் சரிக்கட்டும் சிறு லென்ஸ். வியூஃபைண்டர்கள் பல, ஸ்கிரீன் ஏறத்தாழ ஒரு மீட்டர் தொலைவில் இருப்பதுபோலத் தெரியும்படி அமைந்தவை. அந்தத் தொலைவு உங்கள் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாவிட்டால் எந்த ஸ்கிரீனும் தெளியாது. கண்ணாடி போடுபவர்கள் படமெடுக்கும்போது அதைப் போடுவதா, கழற்றுவதா என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். டயாப்டர் எண் அதைப் பொறுத்தது.

4. இப்போதைய ஸ்கிரீன் எங்கே இருளத் தொடங்குகிறது?

50 மி.மீ. லென்ஸை மாட்டுங்கள். டெப்த் பிரிவியூ லீவரை (வளையத்தில் வைத்த எண்ணுக்கு லென்ஸ் திறப்பைச் சுருக்கிக் காட்டுவது) அழுத்திப் பிடித்தபடி அப்பர்ச்சர் வளையத்தை எஃப்/2.8, 4, 5.6, 8 என ஒவ்வொன்றாக நகர்த்துங்கள். கண் ஐபீஸின் நடுவில் அசையாமல் இருக்கட்டும். ஸ்ப்ளிட் வட்டத்தில் ஒரு பாதி எந்த எண்ணில் கறுக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பல ஸ்கிரீன்களில் இது எஃப்/4-க்கும் எஃப்/5.6-க்கும் இடையில் நடக்கும்.

காரணம் எளிது. வட்டத்துக்குள் எதிரெதிராகச் சரிந்த இரண்டு ஆப்புப் பிரிசங்கள் இருக்கின்றன. ஒன்று லென்ஸ் திறப்பின் ஒரு விளிம்பிலிருந்து வரும் கதிரையும், மற்றது எதிர்விளிம்பிலிருந்து வரும் கதிரையும் கண்ணுக்குத் திருப்பிவிடுகின்றன. திறப்பு சுருங்கியதும் அந்த விளிம்புகளே இல்லாமல் போகின்றன. பிரிசம் பார்க்கும் இடத்தில் வெளிச்சம் இல்லை, எனவே கறுப்பு. கண்ணை மேலும் கீழும் நகர்த்தினால் கறுப்பு ஒரு பாதியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதும் இதனால்தான். அந்த நகர்வை நீங்களே ஒருமுறை பார்த்துவிட்டால், லென்ஸில் பழுதில்லை என்பது உறுதியாகிவிடும்.

இங்கே பேரம் ஒன்று இருக்கிறது. ஆப்பின் சரிவு அதிகமானால் ஃபோகஸ் துல்லியம் கூடும், ஆனால் சீக்கிரம் இருளும். சரிவு குறைந்தால் மங்கலான லென்ஸிலும் தெரியும், ஆனால் கோடு எங்கே சேர்கிறது என்பது அவ்வளவு தெளிவாகத் தெரியாது. இரண்டையும் ஒன்றாகத் தரும் ஸ்ப்ளிட் ஸ்கிரீன் கிடையாது.

5. வகையை முடிவு செய்யுங்கள்

முதல் படியில் அடிக்கோடிட்ட எண்ணை எடுங்கள்.

எஃப்/2.8 அல்லது அதைவிட வேகமான, அதாவது திறப்பு பெரிய, லென்ஸ் (180 மி.மீ. எஃப்/2.8, 300 மி.மீ. எஃப்/2.8 போன்றவை): இருக்கும் ஸ்ப்ளிட், மைக்ரோபிரிசம் (ஃபோகஸ் தவறினால் படத்தைப் பொடிப்பொடியாக உடைத்துக் காட்டும் நுண்பிரிசங்கள்) ஸ்கிரீனே ஓடும். மாற்றியே ஆக வேண்டும் என்றில்லை. ஆனால் பொருள் எப்போதும் நடுவில் இருக்காது. பறவையின் கண் சட்டத்தின் மூன்றில் ஒரு பங்கில் இருக்கும்போது, நடுவட்டத்துக்குக் கொண்டுவந்து ஃபோகஸ் பிடித்து மறுபடி சட்டமிட்டால், அதற்குள் பறவை தலையைத் திருப்பியிருக்கும். அதனால் வேகமான லென்ஸிலும் நான் முழு மேட் ஸ்கிரீன் பக்கம்தான்.

எஃப்/4: இதுதான் எல்லைக்கோடு. நான்காம் படியில் உங்கள் வட்டம் எஃப்/4-இல் தெளிவாக இருந்தால் விட்டுவிடுங்கள். இருண்டால், மங்கலான லென்ஸுக்கென்று சரிவு குறைத்துச் செய்த மைக்ரோபிரிசம் ஒரு வழி. ஒலிம்பஸில் 1-2 அப்படிப்பட்டது. 1971-இன் கேனான் எஃப்-1-க்கு எஃப், ஜி என இரண்டு மைக்ரோபிரிசம் ஸ்கிரீன்கள் இருந்தன. முதலாவது எஃப்/2.8 வரையான வேகமான லென்ஸ்களுக்கு, ஜி வகை எஃப்/3.5 முதல் 5.6 வரையானவற்றுக்கு. தவறி எஃப் வகையை வாங்கிவிட்டால் டெலி லென்ஸில் பொரிப்பொரியான கறுப்புத்தான் மிஞ்சும்.

எஃப்/5.6 முதல் எஃப்/8 வரை: பிரிசம் எதுவும் இல்லாத மேட் ஸ்கிரீன். நிக்கானில் பி, டி, யு. ஒலிம்பஸில் 1-4, 1-8. பழைய கேனான் எஃப்-1-இல் சி. இவற்றில் நிக்கான் யு 200 மி.மீ.க்கு மேற்பட்ட டெலி லென்ஸ்களுக்கென்றே வந்தது. ஒலிம்பஸ் 1-8-உம் நீண்ட டெலி, தொலைநோக்கி வேலைகளுக்கானது.

டி, 1-8 போன்ற முற்றிலும் வெறுமையான ஸ்கிரீனைவிட, வட்டமோ கட்டங்களோ போட்டதை வாங்கச் சொல்வேன். மங்கலில் கண் நிற்க ஒரு கோடு வேண்டும். கோடு கூர்மையாகத் தெரிகிற வரை கண் ஸ்கிரீனின் தளத்தில்தான் இருக்கிறது என்று நம்பலாம். கட்டம் போட்ட நிக்கான் இ வகையில் இன்னொரு வசதி உண்டு: நீண்ட லென்ஸில் தொடுவானம் சாய்ந்திருப்பது உடனே தெரிந்துவிடும்.

எஃப்/11-உம் அதற்கு மேலும், அதாவது தொலைநோக்கியோடு இணைத்த கேமரா: மேட் பரப்பின் சொரசொரப்பே படத்தை விழுங்கிவிடும். இங்கே நடுவில் தெளிவான வட்டமும் குறுக்குக் கோடும் உள்ள ஸ்கிரீன் வேண்டும். நிக்கானில் சி வகை. இதில் படம் கூர்மையாகத் தெரிகிறதா என்று பார்ப்பது பயன்படாது, ஏனென்றால் தெளிவான வட்டத்தில் கண்ணே ஃபோகஸ் செய்துகொண்டுவிடும். கண்ணை இடவலமாக மெல்ல அசைக்க வேண்டும். குறுக்குக் கோடும் பொருளும் ஒட்டினாற்போல் சேர்ந்து நகர்ந்தால் ஃபோகஸ் சரி. ஒன்றின்மேல் ஒன்று வழுக்கினால் சரியில்லை. நகரும் பொருளுக்கு இந்த முறை உதவாது.

நடுவில் பெரிய மைக்ரோபிரிசம் வட்டம் உள்ள நிக்கான் ஜி, பரப்பு முழுக்க மைக்ரோபிரிசம் உள்ள எச் வகைகளை ஆசையாக வாங்குபவர்கள் எண்ணைப் பார்க்கத் தவறுகிறார்கள். ஜி1 முதல் ஜி4, எச்1 முதல் எச்4 என்று ஒவ்வொன்றும் குறிப்பிட்ட லென்ஸ்களுக்கு ஒத்திசைத்தவை. பொருந்தாத எண் என்றால் படம் இருண்டுவிடும். எந்த லென்ஸுக்கு எது என்ற நிக்கானின் அட்டவணையைப் பார்க்காமல் இவற்றைத் தொடவே வேண்டாம்.

6. பிரகாசமான ஸ்கிரீன் வேண்டுமா?

பிரகாசமான ஸ்கிரீன் வெளிச்சத்தை உண்டாக்குவதில்லை. குறைவாகச் சிதறவிட்டு, கண் இருக்கும் பக்கமாக அதிகம் அனுப்புகிறது. சிதறல் குறையும்போது லென்ஸ் திறப்பின் வெளிவிளிம்பிலிருந்து வரும் சாய்வான கதிர்கள் கண்ணுக்கு வராமல் போகின்றன. ஃபோகஸ் தவறினால் மங்கலைப் பளிச்சென்று காட்டுவதே அந்தக் கதிர்கள்தான். எனவே படம் வெளிச்சமாக இருந்தாலும், ஃபோகஸ் ‘சட்டென்று விழும்’ உணர்வு குறையும்.

50 மி.மீ. எஃப்/1.4 லென்ஸில் டெப்த் பிரிவியூவை அழுத்தி எஃப்/1.4-இலிருந்து 2.8 வரை திருப்பிப் பாருங்கள். வெளிச்சம் ஏறக்குறைய மாறவில்லை என்றால் உங்கள் ஸ்கிரீன் அந்த ரகம்.

எஃப்/5.6 டெலிக்கு இது குறையே இல்லை. இழப்பதற்கு அந்த விளிம்புக் கதிர்கள் அங்கே இல்லை, வெளிச்சம் மட்டும் லாபம். 300 மி.மீ. எஃப்/2.8 வைத்திருப்பவருக்குச் சற்றே மங்கலான, கரடான பழைய மேட் ஸ்கிரீன் ஃபோகஸை இன்னும் தெளிவாகக் காட்டும். விலை கூடிய பிரகாசமான ஸ்கிரீன் எந்த லென்ஸிலும் மேலானது என்று நினைப்பது தவறு.

7. மாற்றும் முறை

லென்ஸ் வாய்வழியாக மாற்றும் கேமராவை, பின்பக்கம் மேசையில் படும்படி கிடத்துங்கள். உள்ளே மேல்விளிம்பில் இருக்கும் சிறு கொக்கியை ட்வீசரால் மெல்ல இழுத்தால் சட்டம் கீழே இறங்கும். ஸ்கிரீனின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் காதைப் பிடித்து வெளியே எடுங்கள். காதைத் தவிர வேறெங்கும் தொடக்கூடாது. பெரும்பாலான ஸ்கிரீன்கள் பிளாஸ்டிக். விரல்ரேகை படிந்தால் நுண்ணிய வரிகளுக்குள் போய்விடும், துடைத்தால் கீறல் விழும். ப்ளோவர் காற்று மட்டும் போதும், திரவம் எதுவும் வேண்டாம். ஸ்கிரீனில் ஒட்டிய தூசி ஃபிலிமில் விழாது. தூசியைத் துரத்தப் போய் ஸ்கிரீனைக் கெடுத்தவர்கள்தான் அதிகம்.

மிரரின் மேற்பரப்பிலேயே பூச்சு இருக்கிறது; ட்வீசர் நுனி பட்டால் கீறல் நிரந்தரம்.

பழைய ஸ்கிரீனின் எந்தப் பக்கம் மிரரைப் பார்த்து இருந்தது என்பதை எடுக்கும்போதே பாருங்கள். புதியதும் அதே போக்கில் போக வேண்டும். மேட் பக்கம் மிரரை நோக்கி இருப்பதே வழக்கம். தலைகீழாகப் போட்டால் ஸ்கிரீனின் தடிமன் அளவுக்கு ஃபோகஸ் தளம் நகர்ந்துவிடும். வியூஃபைண்டரில் எல்லாம் கூர்மையாகத் தெரியும், ஃபிலிமில் எல்லாம் மங்கலாக வரும். சில கேமராக்களில் ஸ்கிரீனுக்கு மேலோ ஓரத்திலோ மெல்லிய உலோகத் தகடு இருக்கும். அது குப்பை அல்ல. உயரத்தைச் சரிசெய்ய வைத்தது; எடுத்த இடத்திலேயே திரும்ப வையுங்கள்.

8. மீட்டரையும் ஃபோகஸையும் சோதியுங்கள்

இரண்டையும் ஃபிலிம் போடுவதற்கு முன் செய்துவிடுங்கள்.

ஒளியை அளக்கும் மீட்டர் செல் வியூஃபைண்டர் பிரிசத்தில் இருக்கும் கேமராவில், ஸ்கிரீன் மாறினால் அளவும் மாறும். செல் பார்ப்பது ஸ்கிரீனைத்தான். ஸ்கிரீனை மாற்றுவதற்கு முன், சீராக வெளிச்சம் விழும் சுவரை அளந்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். மாற்றியபின் அதே லென்ஸ், அதே சுவர். புதிய அளவு மூன்றில் ஒரு ஸ்டாப் கூடுதல் வெளிச்சம் காட்டினால், மீட்டர் ஏமாந்து ஃபிலிமுக்குக் குறைவாக ஒளி கொடுக்கும். ஐஎஸ்ஓ 100 ஃபிலிமுக்கு ஐஎஸ்ஓ வளையத்தை 80-இல் வையுங்கள். குறைவாகக் காட்டினால் எதிர்ப்பக்கம், 125. எஃப்இ-யில் எஃப்இ2-வின் ஸ்கிரீனைப் போடுபவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். பின்னது வெளிச்சம் கூடியது.

நிக்கான் எஃப்3-இல் செல் மிரருக்குக் கீழே இருக்கிறது, ஸ்கிரீன் அதைத் தொடாது. ஒலிம்பஸ் ஓஎம்-2 ஆட்டோவில் ஃபிலிம் பக்கத்திலிருந்தே அளக்கிறது. முள் காட்டுவது மாறலாம், விழும் ஒளி மாறாது. 1981-இன் கேனான் நியூ எஃப்-1 தனி ரகம். அதில் மீட்டர் எந்தப் பரப்பை அளக்கும் என்பதே ஸ்கிரீனைப் பொறுத்தது. பரவலாக அளக்கும் ஸ்கிரீனுக்குப் பதில் ஸ்பாட் ஸ்கிரீனைப் போட்டுவிட்டு, பழைய பழக்கத்தில் அளந்தால் படங்கள் தாறுமாறாக வரும்.

அடுத்தது ஃபோகஸ். 10 மீட்டர் தொலைவில் 300 மி.மீ. எஃப்/4 லென்ஸின் கூர்மை ஆழம் சுமார் 26 செ.மீ.தான். அதே தொலைவில் 50 மி.மீ. எஃப்/1.4-க்குச் சுமார் மூன்றரை மீட்டர். 50 மி.மீ.யில் ஒளிந்துகொள்ளும் ஸ்கிரீன் பிழை டெலியில் வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

பின்கதவைத் திறந்து, ஷட்டரை பி-யில் (அழுத்திப் பிடித்திருக்கும்வரை திறந்தே இருக்கும் நிலை) வைத்து, கேபிளால் திறந்தபடி பூட்டுங்கள். மேட் கண்ணாடித் துண்டை, மேட் பக்கம் லென்ஸைப் பார்க்க, உள் தண்டவாளங்கள் இரண்டின் மேலும் தட்டையாக வையுங்கள். ஒட்டுநாடா வேண்டாம், அது நடுவில் தொய்யும். முக்காலியில் லென்ஸை முழுத் திறப்பில் வைத்து, அச்செழுத்து நிறைந்த தாளை லூப்பால் பார்த்து ஃபோகஸ் பிடியுங்கள். லென்ஸைத் தொடாமல் ஷட்டரை மூடி, இப்போது வியூஃபைண்டரில் பாருங்கள். ஒரே இடத்தில் கூர்மையா? அருகிலிருந்து ஒருமுறை, தூரத்திலிருந்து ஒருமுறை என்று வளையத்தை இருபக்கமும் திருப்பிப் பலமுறை செய்யுங்கள். பிழை எப்போதும் ஒரே பக்கம் வந்தால் ஸ்கிரீன் சரியாக உட்காரவில்லை, அல்லது தகடு விடுபட்டிருக்கிறது. இருபக்கமும் மாறிமாறி வந்தால் ஸ்கிரீனில் குறையில்லை, கைப்பழக்கம் போதவில்லை.

இந்தச் சோதனைக்கு லென்ஸின் முடிவிலிக் குறியை நம்பாதீர்கள். பல டெலி லென்ஸ்களை வெப்பத்தில் ஏற்படும் மாற்றத்துக்கு இடம்விட்டு, முடிவிலியைத் தாண்டியும் திரும்பும்படி செய்திருக்கிறார்கள்.

9. மேட் பரப்பில் ஃபோகஸ் பிடிப்பது

ஸ்ப்ளிட் இமேஜிலிருந்து வருபவர்கள் வளையத்தை மிக மெதுவாகத் திருப்புவார்கள். மேட் ஸ்கிரீனில் அது தவறு. மெதுவாக மாறும் மங்கலுக்குக் கண் பழகிவிடும், உச்சம் எங்கே என்று தெரியாது. கூர்மையைத் தாண்டிப் போங்கள், திரும்பி வாருங்கள், மறுபடி சற்றுத் தாண்டுங்கள். ஒவ்வொரு முறையும் வீச்சைக் குறையுங்கள். இரண்டு மூன்று வீச்சுக்குள் நிறுத்திவிட வேண்டும். நீண்ட லென்ஸில் மங்கல் வேகமாக ஏறி இறங்குவதால், 50 மி.மீ.யைவிட இங்கே மேட் ஸ்கிரீன் எளிது.

நிலையான பொருளுக்கு ஐபீஸில் மாட்டும் உருப்பெருக்கி நல்ல துணை. நிக்கானின் டிஜி-2 நடுப்பகுதியை 2 மடங்காகக் காட்டும்; ஃபோகஸ் பிடித்ததும் கீல்வழியே விலக்கிவிட்டு முழுச் சட்டத்தைப் பார்க்கலாம்.

எல்லாம் சரியாக இருந்தும் வியூஃபைண்டரின் மேல்விளிம்பு மட்டும் பட்டையாக இருண்டிருந்தால், அது மிரர் நீளம் போதாததால் வருவது. நீண்ட லென்ஸின் ஒளிக்கற்றையில் ஒரு பகுதி மிரரின் விளிம்பைத் தாண்டிப் போய்விடுகிறது. படமெடுக்கும்போது மிரர் மேலே போய்விடுவதால் ஃபிலிமில் அந்தப் பட்டை வராது. எந்த ஸ்கிரீனை மாற்றினாலும் வியூஃபைண்டரிலிருந்து அது போகாது.